பிரஷர் மாத்திரையோடு எந்த மனச்சோர்வு மாத்திரை சேரும்?

பிரஷருக்கு ஏற்கெனவே மருந்து சாப்பிடுகிறவருக்கு மனச்சோர்வு மாத்திரை தொடங்கும்போது, முதலில் பழைய மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள்.

அதில் மெட்டோபுரோலால் இருந்தால் ஃபுளூவாக்ஸெடின், பராக்ஸெடின் என்ற மனச்சோர்வு மாத்திரைகள் ஒத்துவராது. மெட்டோபுரோலாலைக் கல்லீரலில் உடைக்கும் நொதி சிஒய்பி2டி6. இந்த இரண்டும் அதை முடக்கிவிடும். விழுங்குவது அதே 50 மி.கி.தான், ரத்தத்தில் சேருவதோ பல மடங்கு. நாடி 50-க்குக் கீழே இறங்கலாம், மாடிப்படி ஏறினால் கண் இருட்டலாம். ஃபுளூவாக்ஸெடினை நிறுத்திய பிறகும் இந்த முடக்கம் சில வாரம் நீடிக்கும். இன்னொரு மனச்சோர்வு மாத்திரையான செர்ட்ராலின் 50 மி.கி. அந்த நொதியை லேசாகத்தான் தொடுகிறது. 150-க்கு மேல் போனால் அங்கும் நாடியைக் கவனிக்க வேண்டும். பிரஷர் மாத்திரை அட்டெனோலாலாக இருந்தால் இந்தக் கவலையே இல்லை, அது சிறுநீரகம் வழியாக வெளியேறுகிறது.

ஆனால் செர்ட்ராலினுக்கும் ஒரு பலவீனம் உண்டு: ரத்தத்தில் சோடியம் (உப்புச் சத்து) குறைவது. டெல்மிசார்டான் என்ற பிரஷர் மாத்திரையின் பெயருக்குப் பின்னால் 'எச்' என்று இருந்தால், உள்ளே பெரும்பாலும் ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற, சிறுநீரை அதிகமாக்கும் மருந்தும் இருக்கும். அதுவும் சோடியத்தைக் குறைக்கும், செர்ட்ராலின் வகையும் குறைக்கும். 65 வயதைக் கடந்த பெண்களிடம் இது அதிகம். சோர்வு, குமட்டல், பேச்சில் தடுமாற்றம் என்று தொடங்குவதை வீட்டில் மனச்சோர்வு முற்றிவிட்டதாக எண்ணிவிடுகிறார்கள். இதுதான் பெரிய ஆபத்து. தொடங்கும் முன் ஒருமுறை, இரண்டு வாரத்துக்குள் இன்னொருமுறை சோடியம் பாருங்கள். 135-க்குக் கீழே போனால் மருத்துவரிடம் சொல்லுங்கள். இப்படிப்பட்டவருக்கு மிர்டாஸபின் மேல்: சோடியத்தை அவ்வளவாக இறக்காது. எடை கூடும், தூக்கம் வரும். குளோனிடின் என்ற பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு மட்டும் வேண்டாம், அதன் வேலையைக் கெடுத்துவிடும்.

வென்லாஃபாக்ஸின் பிரஷரையே ஏற்றக்கூடியது, டோஸ் கூடக்கூட அதிகமாக. கட்டுக்குள் வராத பிரஷருக்கு அதை முதல் தேர்வாக எடுக்கக் கூடாது.

அமிட்ரிப்டிலின் கடைசி இடம். குளோனிடினை இதுவும் முறிக்கும். பிராசோசின் என்ற பிரஷர் மாத்திரையோடு சேர்ந்தால் எழும்போது பிரஷர் சரிந்து ஆளையே கீழே தள்ளும். வேறு வழியில்லாமல் கொடுத்தால், 5 நிமிடம் படுக்கவைத்து ஒருமுறை அளந்து, எழுந்து நின்ற 1-ஆவது, 3-ஆவது நிமிடங்களில் மறுபடி அளக்க வேண்டும். மேல் எண் 20 குறைந்தால் அன்றே மருத்துவரை அழையுங்கள். எந்த மாத்திரையையும் தானாக நிறுத்த வேண்டாம்; மெட்டோபுரோலாலையும் குளோனிடினையும் சட்டென்று விட்டால் பிரஷர் எகிறும்.