பாலாற்று நடையில் சாமான் நிரப்ப வேலூரா, ஆற்காடா?

புல்லூரில் தொடங்கி வயலூர் முகத்துவாரம் வரை, தமிழ்நாட்டுக்குள் பாலாறு ஓடும் 222 கிலோமீட்டரையும் நானும் என் மச்சானும் ஒரு ஜனவரியில் நடந்தோம். நடுவில் ஒரே ஒரு முறை மளிகை, தண்ணீர் எல்லாம் மொத்தமாகப் பையில் நிரப்புவது என்று திட்டம். வாணியம்பாடியும் ஆம்பூரும் சீக்கிரமே வந்துவிடும். அப்போது பை காலியாகியிருக்காது. மிச்சம் வேலூரும் ஆற்காடும். நாங்கள் ஆற்காட்டில் நிரப்பினோம். மறுபடி போனாலும் அங்கேதான்.

வேலூரில் கிடைக்காதது இல்லை. அரிசி, பருப்பு, காய்க்கு நேதாஜி மார்க்கெட், மருந்துக்கு சி.எம்.சி. மருத்துவமனைப் பக்கத்துக் கடைகள். இதில் ஆற்காடு போட்டிக்கே வராது.

ஆனால் முதுகில் சுமப்பவனுக்கு எடைதான் எல்லாம். வேலூரிலிருந்து ஆற்காடு கிட்டத்தட்ட 25 கிலோமீட்டர். ரோட்டில் அது ஒரு நாள் நடை. ஆற்று மணலில் ஒரு நாளில் முடியாது, ஒவ்வொரு அடிக்கும் கால் புதைகிறது. வேலூரிலேயே நிரப்பினால் அந்தத் தூரம் முழுக்க வீண் சுமை. அதுவும் தண்ணீரைச் சேர்த்துப் பாருங்கள். மணலில் ஊற்று தோண்டிக் குடித்த காலம் போய்விட்டது. தோல் பதனிடும் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்த வழக்கில்தான் 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ராணிப்பேட்டைப் பக்கம் குரோமியக் கழிவு வேறு. அதனால் எல்லாமே கேன் தண்ணீர். ஆளுக்கு 4 லிட்டர் என்றாலே இருவருக்கும் 8 கிலோ. அதன் மேல் அரிசி, பருப்பு, எண்ணெய், அடுப்பு. வேலூர்ப் பாலத்தடியில் நின்று, “மாமா, இதை இப்பவே வாங்கித் தூக்கணுமா?” என்று மச்சான் கேட்டதும் எனக்கும் மனசு மாறியது. அங்கே மார்க்கெட் ஆற்றை விட்டுத் தள்ளி ஊருக்குள் இருக்கிறது. ஒருவர் பையோடு காத்திருக்க, இன்னொருவர் ஆட்டோ பிடித்துப் போய் வர வேண்டும். அரை நாள் அதிலேயே போய்விடும்.

ஆற்காட்டில் கரை ஏறினாலே ஊர். டெல்லி கேட் என்ற பழைய கோட்டை வாசல் ஆற்றங்கரையிலேயே நிற்கிறது. அதன் பக்கம் நிழலில் மச்சானை உட்கார வைத்துவிட்டு, நான் கடைத்தெரு போய் வந்தேன். மளிகை, தண்ணீர், கொஞ்சம் மக்கன் பேடா இனிப்பு. அறுந்து தொங்கிய என் பை வாரையும் அங்கேயே ஒருவர் தைத்துக் கொடுத்தார். அப்புறம் புதுப்பாடி அணைக்கட்டு வரை நடை சுகமாகவே இருந்தது.

தினமும் மாத்திரை எடுப்பவர்கள் வேலூரிலேயே வாங்கிவிடுங்கள், மாத்திரைக்கு எடை இல்லை. இன்னொன்று, நான் சொல்வது ஜனவரிக் கணக்கு. கோடையில் தண்ணீர் இரண்டு மடங்கு வேண்டியிருக்கும், அப்போது இரண்டு ஊரிலும் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்புவதே சரியாக இருக்கலாம். 2021 நவம்பர் போல ஆறு இரு கரையும் தொட்டு ஓடும் மாதங்களில் இந்த நடையையே நினைக்காதீர்கள்.