கோஹாவா, கட்டண மென்பொருளா?

நூலகத்தைக் கணினிக்கு மாற்றும்போது இந்தக் கேள்வி வந்தே தீரும். கோஹா, நியூசிலாந்தில் ஒரு நூலக அறக்கட்டளைக்காக 1999இல் எழுதத் தொடங்கி, 2000 ஜனவரியில் பயன்பாட்டுக்கு வந்த திறந்த மூல நூலக மேலாண்மை மென்பொருள். உரிமக் கட்டணம் கிடையாது. ஆனால் சர்வர், பேக்கப், புதுப்பிப்பு எல்லாம் நம் தலையில்தான். கட்டண மென்பொருளில் அந்தத் தலைவலி பெரும்பாலும் நிறுவனத்துக்குப் போய்விடும். கோஹா ஓடும் லினக்ஸ் இயங்குதளம் தெரிந்தவர் பக்கத்தில் இல்லாத சிறு நூலகத்துக்குக் கட்டண மென்பொருளே சரி.

மற்றபடி என் ஓட்டு கோஹாவுக்கே. வாசகர்கள் இன்று வீட்டிலிருந்தே முன்பதிவு செய்யவும் கெடுவை நீட்டிக்கவும் எதிர்பார்க்கிறார்கள். கோஹாவில் இவற்றை நூலகரே அமைத்துவிடலாம். கெடு தேதிக்கு முன் போகும் நினைவூட்டல் மின்னஞ்சலின் வாசகத்தைக்கூட நாமே கனிவாக எழுதலாம். அதை அனுப்பும் தானியங்கிப் பணி சர்வரில் ஓடுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஓடாவிட்டால் ஒரு மின்னஞ்சலும் போகாது. இப்படிக் கைவைத்துப் பழகும் நூலகர், அடுத்த மாற்றம் வரும்போது மிரள மாட்டார்.

அப்புறம், கட்டண மென்பொருள்தான் என்று முடிவானால், நூற்பட்டியல் முழுவதையும் மார்க் 21 (நூலக மென்பொருள்கள் நூல் விவரங்களைப் பரிமாறிக்கொள்ளும் பொது வடிவம்) வடிவில் வெளியே எடுக்க முடியுமா என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுவிடுங்கள்.