‘கோதுமை இல்லாத லோ கார்ப் மாவு’ வாங்கப் போகிறீர்களா? பாக்கெட்டின் பின்பக்கத்தை முதலில் படியுங்கள்

எடை குறைக்க மாவுச்சத்தைக் குறைத்து, கோதுமையையும் நிறுத்தியிருப்பவர்களுக்கு இந்த எச்சரிக்கை. பேலியோ, கீட்டோ என்று மாவுச்சத்தைக் குறைக்கும் உணவுமுறைகளைத் தொடங்குகிற பலரும் முதல் சில வாரங்களை முட்டை, கறி, பனீர், காய்கறி என்று ஓட்டிவிடுகிறார்கள். பிறகு சப்பாத்திக்கு நாக்கு ஏங்குகிறது. அந்த ஏக்கத்தைக் குறிவைத்து வாட்ஸப் குழுக்களிலும் ஆன்லைன் கடைகளிலும் ‘கோதுமையில்லா லோ கார்ப் ஆட்டா’, ‘கீட்டோ மாவு’, ‘டயட் மாவு’ என்று சாதாரண ஆட்டாவைவிடப் பல மடங்கு விலைக்கு விற்கிறார்கள். ஏமாற்று நடக்கும் விதம் ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒன்றுதான். கோதுமை இல்லை என்பது ஒரு வாக்கு. கார்ப் (மாவுச்சத்து) குறைவு என்பது வேறொரு வாக்கு. ஒன்றை மட்டும் கொடுத்துவிட்டு இரண்டுக்கும் சேர்த்துக் காசு வாங்கிக்கொள்கிறார்கள்.

முதலில் கார்ப் உண்மையிலேயே குறைவாக இருக்கும் மாவுகள். இவற்றில் பலவற்றின் முக்கியச் சரக்கு என்ன தெரியுமா? வைட்டல் வீட் குளூட்டன். கோதுமை மாவைப் பிசைந்து, மாவுச்சத்தைக் கழுவி எடுத்துவிட்டு மிஞ்சும் ரப்பர் போன்ற புரதத்தைக் காயவைத்து அரைத்தது. 100 கிராமில் புரதமே 75 கிராம் அளவுக்கு இருக்கும். கார்ப் 14 கிராம் அளவுதான். அதோடு சோயா மாவு, இசப்கோல் உமி, ஓட்ஸ் நார் எல்லாம் கலந்தால் சப்பாத்தி மெல்லிசாகத் தேய்க்க வரும், கிழியாது, மடியும். குளூட்டன் இல்லாமல் அப்படித் தேய்க்க வராது என்பதால்தான் சேர்க்கிறார்கள். எடை மட்டுமே கவலை என்றால் அந்த மாவு உங்களுக்கு வேலை செய்யலாம். ஆனால் அதைக் ‘கோதுமை இல்லை’ என்று விற்பது பச்சைப் பொய். வாங்கியவர் கேட்டால், “அது புரதம்தான், கோதுமை மாவு கிடையாது” என்று பதில் வருகிறது. சீலியாக் நோய் (குளூட்டன் சாப்பிட்டால் சிறுகுடல் பாதிக்கப்படும் நோய்) உள்ளவருக்கும் கோதுமை அலர்ஜி உள்ளவருக்கும் தொந்தரவு தருவதே அந்தப் புரதம்தான். சீலியாக் உள்ளவர் இந்த மாவில் சப்பாத்தி சாப்பிட்டால், சாதாரண ஆட்டாவில் சாப்பிடுவதைவிட அதிகக் குளூட்டன் உள்ளே போகும். சிறுகுடல் சேதமாகும். நம் நாட்டு விதிப்படி ‘குளூட்டன் ஃப்ரீ’ என்று போட வேண்டுமானால் ஒரு கிலோவில் குளூட்டன் 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது.

சேர்மானப் பட்டியலில் ‘வீட் புரோட்டீன்’, ‘ஹைட்ரோலைஸ்டு வீட் புரோட்டீன்’, ‘ரெசிஸ்டன்ட் வீட் ஸ்டார்ச்’ என்று எந்தப் பெயரில் இருந்தாலும் அது கோதுமைதான். பட்டியலுக்குக் கீழே அலர்ஜி எச்சரிக்கை வரி ஒன்று இருக்க வேண்டும். முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் ‘நோ வீட்’ என்று போட்டுவிட்டு, பின்பக்கம் அந்த வரியில் பொடி எழுத்தில் ‘வீட், சோயா உள்ளது’ என்று போடுகிறவர்களும் உண்டு. அந்த வரியைத்தான் நம்ப வேண்டும்.

இரண்டாவது வகை இதற்கு நேர் எதிர். கோதுமை நிஜமாகவே இருக்காது. உள்ளே அரிசி மாவு, மரவள்ளி ஸ்டார்ச், மக்காச்சோள ஸ்டார்ச், உருளைக்கிழங்கு ஸ்டார்ச், பிசுபிசுப்புக்குக் கொஞ்சம் சாந்தன் கம். சீலியாக் உள்ளவருக்கு இது பயனுள்ள மாவு. எடை குறைக்க வந்தவருக்கு இது நட்டம். முழுக்கோதுமை ஆட்டா 100 கிராமில் கார்ப் சுமார் 64 கிராம். அரிசி மாவில் 80 கிராமை நெருங்கும். மரவள்ளி ஸ்டார்ச்சிலும் மக்காச்சோள ஸ்டார்ச்சிலும் 90 கிராம் அளவுக்குப் போகும். அதாவது 30 கிராம் ஆட்டாவில் சுட்ட ஒரு சப்பாத்தியில் 19 கிராம் கார்ப் என்றால், இந்தக் கலவையில் சுட்டதில் 24 கிராமுக்கு மேல். நாரும் புரதமும் குறைவு என்பதால் சீக்கிரம் பசிக்கும், சர்க்கரையும் வேகமாக ஏறும். கோதுமையை நிறுத்திய பிறகும் எடை இறங்கவில்லை என்று புலம்புகிறவர்களின் சமையலறையில் இந்த மாவு இருக்கிறதா என்று பாருங்கள்.

சிறுதானியத்தையும் இதே கதையில் சேர்த்துவிட்டார்கள். தினை, சாமை, வரகு, கம்பு, கேழ்வரகு, சோளம் எல்லாமே நல்ல தானியங்கள். நார், தாது உப்புகள் விஷயத்தில் வெள்ளை அரிசியைவிட மேல். ஆனால் 100 கிராமில் 60 முதல் 68 கிராம் வரை கார்ப். கோதுமையை ஒட்டிய கணக்குதான். இவற்றை ‘லோ கார்ப்’ என்று எழுதி விற்பவர் உங்களை ஏமாற்றுகிறார். ‘மல்டிகிரெய்ன் ஆட்டா’ இன்னும் மோசம். சேர்மானங்கள் எடை அதிகமானதிலிருந்து குறைவானதற்கு இறங்குவரிசையில் எழுதப்பட வேண்டும் என்பது விதி. பட்டியலின் முதல் பெயர் பெரும்பாலும் கோதுமையாகத்தான் இருக்கும்.

‘சுகர் ஃப்ரீ’ என்று எழுத எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) தன் அட்டவணையில் அளவு வைத்திருக்கிறது: 100 கிராமில் சர்க்கரை அரை கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. ‘லோ கார்ப்’ என்பதற்கு அப்படி ஓர் அளவு அந்த அட்டவணையில் கிடையாது. அதனால் அந்தச் சொல்லை வைத்து முடிவு செய்யாமல் எண்களைச் சரிபாருங்கள்.

உதாரணத்துக்கு, ஒரு மாவின் பாக்கெட்டில் 100 கிராமுக்கு இப்படி இருக்கிறது என்று வையுங்கள்: புரதம் 30, கொழுப்பு 8, கார்ப் 12, நார் 20, எனர்ஜி 348 கலோரி. புரதத்தையும் கார்பையும் நான்கால் பெருக்குங்கள், கொழுப்பை ஒன்பதால், நாரை இரண்டால். 120, 48, 72, 40, மொத்தம் 280. பாக்கெட் சொல்வது 348. மீதி 68 கலோரி எங்கிருந்து வந்தது? நான்கால் வகுத்தால் 17 கிராம் கார்ப் கணக்கில் வரவில்லை. இன்னொரு பக்கமிருந்தும் பாருங்கள். 30, 8, 12, 20 கூட்டினால் 70 கிராம். மாவில் ஈரப்பதம் சுமார் 10, சாம்பல்சத்து (தாது உப்புகள்) சுமார் 3 சேர்த்தால் 83. இங்கேயும் அதே 17 கிராம் காணவில்லை. இரண்டு கணக்கும் ஒரே எண்ணைக் காட்டினால் கார்ப் மறைக்கப்பட்டிருக்கிறது என்று கிட்டத்தட்ட உறுதி. நாலைந்து கலோரி வித்தியாசத்தைப் பொருட்படுத்த வேண்டாம். ஐம்பது அறுபது என்றால் வாங்காதீர்கள்.

நாரைக் கழிப்பதிலும் ஒரு குழி இருக்கிறது. அமெரிக்க லேபிளில் மொத்தக் கார்புக்குள் நாரும் அடங்கும், கழித்துக்கொள்ளலாம். பிரிட்டன், ஐரோப்பிய லேபிளில் கார்ப் என்று போட்டிருப்பதே நார் நீக்கிய எண். அங்கிருந்து வரும் பொருளில் மறுபடி கழித்து ‘நெட் கார்ப் (நார் போக மிஞ்சும் கார்ப்) 2 கிராம்’ என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்றால் அது இரட்டைக் கழிப்பு. உள்ளூர்ப் பாக்கெட்டில் எந்த முறை என்று புரியாவிட்டால் மேலே சொன்ன கூட்டலைப் போடுங்கள். நாரைத் தனியாகச் சேர்த்ததும் மொத்தம் 100 கிராமைத் தாண்டினால் கார்புக்குள் நார் இருக்கிறது என்று பொருள். ‘ஒரு பரிமாறலில் 4 கிராம்’ என்பதையும் நம்பிவிடாதீர்கள். பரிமாறல் 15 கிராம் என்று கீழே இருக்கும். யாரும் 15 கிராம் மாவில் சப்பாத்தி சுடுவதில்லை.

வீட்டிலேயே இரண்டு சோதனைகள் செய்யலாம். பாதாம் மாவு, தேங்காய் மாவு, சோயா மாவு ஆகிய மூன்றிலும் ஸ்டார்ச் மிகக் குறைவு. ஒரு தேக்கரண்டி மாவைக் கால் டம்ளர் தண்ணீரில் கொதிக்கவைத்து நன்றாக ஆறவிடுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் போவிடோன் அயோடின் கரைசலில் இரண்டு சொட்டு விடுங்கள். பழுப்பாகவே நின்றால் நல்லது. கருநீலமாக மாறினால் அரிசி மாவோ மைதாவோ சோள மாவோ கலந்திருக்கிறது. சூடாக இருக்கும்போது சொட்டினால் நிறம் வராது, அதனால் ஆறியபின் மட்டும். கடலை மாவிலும் சிறுதானியத்திலும் இயல்பாகவே ஸ்டார்ச் உண்டு, அவற்றில் இந்தச் சோதனை எதையும் சொல்லாது. சோதித்ததைக் கொட்டிவிடுங்கள்.

குளூட்டனுக்கு: 50 கிராம் மாவைக் கெட்டியாகப் பிசைந்து அரை மணி நேரம் ஊறவைத்து, பாத்திரத் தண்ணீரில் பிசைந்து பிசைந்து கழுவுங்கள். கையில் இழுத்தால் நீளும் ரப்பர் உருண்டை மிஞ்சினால் அது குளூட்டன். இசப்கோல் மட்டும் இருந்தால் வழவழப்பான கூழாகிக் கரைந்து போகும். ஆனால் இது ‘நிறைய இருக்கிறது’ என்பதை மட்டுமே காட்டும். உருண்டை வரவில்லை என்பதற்காக சீலியாக் உள்ளவர் சாப்பிட்டுவிடக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத அளவே அவருக்குப் போதும்.

பாதாம் மாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முழுப் பாதாமில் 100 கிராமுக்குக் கொழுப்பு 50 கிராம் அளவு, புரதம் 21. ‘பாதாம் மாவு’ பாக்கெட்டில் கொழுப்பு 12, 15 என்று இருந்தால் அது எண்ணெய் எடுத்த பிண்ணாக்கு மாவு, இல்லையென்றால் கலப்படம். கடையில் பாதாம் பருப்பு விற்கும் கிலோ விலையைவிட மாவு மலிவாக இருந்தாலும் அதே சந்தேகம்தான். பருப்பை வாங்கி, மிக்ஸியில் விட்டு விட்டு ஓடவிட்டு அரைத்துச் சலித்துக்கொள்வது மேல். தொடர்ந்து ஓடவிட்டால் எண்ணெய் கக்கிப் பசையாகிவிடும்.

சப்பாத்தி மாதிரி ஒன்று வேண்டும் என்றால் வீட்டிலேயே செய்யலாம், குளூட்டனும் வேண்டாம். தேங்காய் மாவு 60 கிராம், இசப்கோல் உமியைப் பொடித்தது 18 கிராம், உப்பு, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், வெதுவெதுப்பான தண்ணீர் 240 மில்லி. பிசைந்து 15 நிமிடம் மூடிவையுங்கள். இரண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவே தேய்த்தால் ஐந்து வரும். மாவைப் பொறுத்து ஒன்றுக்கு மூன்று கிராமை ஒட்டித்தான் கார்ப். உமியைப் பொடிக்காமல் போட்டால் பிடிப்பு வராது. தண்ணீர் குறைந்தால் ஓரம் வெடிக்கும். சாப்பிட்ட பின் தண்ணீர் நிறையக் குடியுங்கள், இல்லாவிட்டால் இசப்கோல் வயிற்றைக் கட்டிவிடும்.

‘சுகர் ஃப்ரீ’ இனிப்புகளில் பெரும்பாலும் மால்டிட்டால் என்ற சர்க்கரை மாற்று இருக்கும். கிராமுக்கு 2 கலோரிக்கு மேல் தரும், ரத்தச் சர்க்கரையையும் ஏற்றும். அதை முழுசாகக் கழித்து நெட் கார்ப் காட்டுவது தவறு, பாதிதான் கழிக்க வேண்டும். எரித்ரிட்டால் என்ற இன்னொரு சர்க்கரை மாற்றை மட்டும் முழுசாகக் கழிக்கலாம். பட்டியலில் மால்டோடெக்ஸ்ட்ரின் இருந்தால் அது ஸ்டார்ச்சிலிருந்து வந்த, சர்க்கரை அளவுக்கு வேகமாக ஏறும் பொருள். கோதுமையை அறவே தவிர்க்க வேண்டியவர்கள் கூட்டுப் பெருங்காயத்தையும் பாருங்கள். பலவற்றில் மைதாவோ கோதுமை மாவோதான் நிரப்பி. சாம்பார் வழியாகத் தினமும் உள்ளே போகும். சோயா சாஸ், மால்ட் பானங்கள், சோயா சாப் ஆகியவற்றிலும் கோதுமையோ பார்லியோ இருக்கும்.

இனி காசு கட்டிச் சேரும் டயட் திட்டங்கள். ‘10 நாளில் 3 கிலோ உத்தரவாதம்’ என்பது எளிதான பந்தயம். கார்பை நிறுத்தியதும் கல்லீரலிலும் தசையிலும் சேர்ந்திருக்கும் கிளைகோஜன் கரைகிறது. ஒரு கிராம் கிளைகோஜனோடு சுமார் மூன்று கிராம் தண்ணீரும் வெளியேறும். அதிலேயே ஒன்றரை, இரண்டு கிலோ குறையும். கொழுப்பு இல்லை, தண்ணீர். உத்தரவாதம் நிறைவேறிவிட்டது என்று பணத்தைத் திருப்பித் தர மறுப்பார்கள். ‘ஒரு மாதத்தில் 10 கிலோ கொழுப்பு’ என்றால் கணக்குப் போடுங்கள்: ஒரு கிலோ கொழுப்பு ஏறக்குறைய 7,700 கலோரி, 10 கிலோவுக்கு 77,000, முப்பதால் வகுத்தால் நாளுக்கு 2,500க்கு மேல் குறைய வேண்டும். பல பெண்கள் நாள் முழுக்கச் சாப்பிடுவதே அவ்வளவு வராது.

பணம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம், இது உயிர் சம்பந்தப்பட்டது: நீங்கள் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்காமல் லோ கார்ப் பட்டியல் அனுப்புகிறவரிடம் ஒரு நாள்கூட இருக்காதீர்கள். சர்க்கரை நோய்க்கு இன்சுலின், கிளிமிபிரைடு எடுப்பவர் கார்பைத் திடீரென நிறுத்தினால் சர்க்கரை அபாயகரமாக இறங்கும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை நோய் மாத்திரைகளை எடுப்பவருக்கு, சர்க்கரை 250க்குக் கீழே இருக்கும்போதே கீட்டோ அமிலம் ரத்தத்தில் ஏறிவிடலாம். வாந்தி, வயிற்றுவலி, வேகமூச்சு வந்தால் ‘கீட்டோ காய்ச்சல்தான், உப்புத் தண்ணீர் குடியுங்கள்’ என்ற பேச்சைக் கேட்காமல் மருத்துவமனைக்குப் போய் கீட்டோன் பார்க்கச் சொல்லுங்கள். ரத்த அழுத்த மாத்திரையின் அளவையும் மருத்துவர் குறைக்க வேண்டி வரலாம். நீங்களாகக் குறைக்காதீர்கள்.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால் பாக்கெட்டைத் தூக்கி எறியாதீர்கள். பில், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், விற்பவரோடு பேசிய சாட், தொகுதி எண், 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண் எல்லாம் தேவை. பிரிக்காத பாக்கெட் ஒன்று கையில் இருந்தால் இன்னும் பலம். மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவு, வாங்கியவரே கட்டணம் செலுத்தி ஆய்வகச் சோதனை கேட்க உரிமை தருகிறது; பொருள் சட்டத்தை மீறியது என்று முடிவு வந்தால் அந்தக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். தவறான லேபிளுக்கு 3 லட்சம் ரூபாய் வரையும், ஏமாற்று விளம்பரத்துக்கு 10 லட்சம் வரையும் அபராதம் உண்டு. பணத்தைத் திரும்பப் பெற முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். அதில் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.