தினமும் வாசிக்க எந்தத் தமிழ் வேதாகமம்? எழுத்து, தையல், நடை, கடைசியாக அட்டை

கிறிஸ்தவப் புத்தகக் கடைக்குள் நுழைகிறவர்கள் முதலில் தடவிப் பார்ப்பது அட்டையைத்தான். கறுப்பா மெரூனா, ஜிப் உண்டா, ஓரம் பொன்னா வெள்ளியா என்பதே பேச்சு. கல்யாணப் பரிசுக்கும் திடப்படுத்தல் ஆராதனைப் பரிசுக்கும் அது போதும். விடியற்காலையில் டியூப்லைட் வெளிச்சத்தில் வருஷம் முழுக்க வாசிக்க வாங்குகிறவர் இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். எழுத்து, தையல், தாள், மொழிபெயர்ப்பு எல்லாம் பார்த்த பிறகுதான் அட்டை.

எழுத்திலிருந்தே தொடங்கலாம். அதே உள்ளடக்கத்துக்கு ஆங்கிலத்தை விடத் தமிழ் அதிக இடம் பிடிக்கும். அதனால் கையடக்கப் பதிப்பு என்றாலே எழுத்தைச் சுருக்கியிருப்பார்கள். சுருங்கும்போது முதலில் பலியாவது மெய்ப்புள்ளி. மெல்லிய தாளில் மை சற்றுக் குறைந்தால் ‘ர்’ என்பது ‘ர’ ஆகத் தெரியும். மை கூடினால் ‘ண’, ‘ன’ சுழிகள் அடைத்துக்கொள்ளும். பழகின வசனத்தில் இது உறைக்காது, கண் தானாக நிரப்பிக்கொள்ளும். ஆகவே கடையில் சங்கீதம் 23-ஐத் திறந்து சோதிப்பதில் பயனில்லை. 1 நாளாகமம் முதல் அதிகாரத்தைத் திறந்து, பழக்கமில்லாத வம்சப் பெயர்களைத் தடங்கலின்றி வாசிக்க முடிகிறதா என்று பாருங்கள். ‘பெரிய எழுத்து’ என்று அட்டையில் போட்டிருப்பதற்குப் பொதுவான அளவு கிடையாது. ஒரு ஸ்கேலை வைத்து அளந்தால், பத்து வரிகள் சுமார் 4 செ.மீ. உயரம் பிடித்தால் நாற்பது வயதுக்காரருக்குச் சரி. 3 செ.மீ.க்குள் அடங்கிவிட்டால் அது பைக்குள் வைத்துக்கொள்ள மட்டும். அறுபதைத் தாண்டியவர்களுக்கு 5 செ.மீ. தேவை, அந்தப் பதிப்பின் கனம் மடியில் தாங்காது, மேஜையோ சாய்வுப் பலகையோ வேண்டும்.

தாளைச் சோதிக்க நல்ல இடம் மல்கியா முடிந்து மத்தேயு தொடங்குவதற்கு நடுவே உள்ள வெற்றிடம். மறுபக்க எழுத்து அங்கே வாசிக்கிற அளவுக்குத் தெரிந்தால், நிறைந்த பக்கத்தில் இரண்டு பக்க வரிகளும் மோதும். இயேசுவின் வார்த்தைகளைச் சிவப்பில் அச்சிட்ட பதிப்புகளில் இதைக் கூடுதலாகப் பார்க்க வேண்டும். மத்தேயு 5 முதல் 7 வரை ஏறக்குறைய முழுதும் சிவப்புதான். சிவப்பு வெளிறியிருந்தால் மஞ்சள் விளக்கில் மலைப்பிரசங்கமே மங்கிவிடும். (சிவப்பெழுத்து தொன்றுதொட்ட வழக்கம் என்று நினைப்பவர்கள் உண்டு. நியூயார்க்கில் லூயிஸ் கிளாப்ஷ் என்பவர் 1899-ல் புதிய ஏற்பாட்டில் செய்த ஏற்பாடுதான் அது.)

அடுத்தது கட்டு. புத்தகத்தை மூடி, முதுகின் மேல்முனையை உற்றுப் பாருங்கள். தாள்கள் சின்னச் சின்ன மடிப்புக் கற்றைகளாக, பாரம் பாரமாகத் தெரிந்தால் அது தையல் கட்டு. நடுவில் திறந்தால் மடிப்பின் உள்ளே நூலும் தெரியும். மேல்முனை ஒரே கோடாக வெட்டப்பட்டு, பசைப் படலம் மட்டும் தெரிந்தால் அது பசைக் கட்டு. நம் ஊர் வெயிலில் பசை இறுகி வெடிக்கும். வெடிப்பு பெரும்பாலும் அடிக்கடி திறக்கும் சங்கீதங்களில்தான் தொடங்கும். தையல் கட்டோ பத்து வருஷமானாலும் ஆதியாகமம் ஒன்றாம் அதிகாரத்தில் கூட மேஜை மேல் விரித்தபடி கிடக்கும். கை வைத்து அமுக்காமல் விரிந்து கிடக்கும் வேதாகமத்தில்தான் ஒரு கையில் காப்பி தம்ளரோடு வாசிக்க முடியும்.

ஜிப் அட்டையை நான் தினசரி வாசிப்புக்குச் சொல்லமாட்டேன். மூன்று பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் ஜிப் விளிம்பு புத்தகத்தைத் தட்டையாகப் படுக்கவிடாது. மூடும்போது பக்க அடையாள நாடாவும் உள்ளே செருகிய காணிக்கைக் கவரும் பல்லில் சிக்கும். ரன்னர் தேய்ந்ததும் முன்னே மூடினால் பின்னே திறக்கும். மழையில் ஸ்கூட்டரில் ஆலயத்துக்குப் போகிறவருக்கு அதில் லாபம் உண்டு, ஆனால் ஒரு துணிப்பையும் அதே வேலையைச் செய்யும். பளபளப்பான செயற்கைத் தோல் அட்டை, வியர்வைக் கை பட்டுப் பட்டு மூலைகளில் செதில் செதிலாக உரியும். சாதாரணக் கெட்டி அட்டைதான் விலையிலும் உழைப்பிலும் முதலிடம். பார்வைக்கு ஏழ்மை என்பது மட்டுமே குறை.

ஓரத்தில் அரைவட்டமாக வெட்டிய கட்டைவிரல் குறி, பிரசங்கத்தின் நடுவே ‘ஆபகூக் எடுத்துக்கொள்வோம்’ என்றதும் தடுமாறுகிறவர்களுக்கு உதவும். வெட்டிய இடத்தில் தாள் சீக்கிரம் கிழியும் என்பதும் உண்மை. 66 புத்தகங்களின் வரிசையை மனப்பாடம் செய்வது இதற்கெல்லாம் மலிவு.

இனி மொழிபெயர்ப்பு. பெரும்பாலான சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே சபைகளில் வாசிப்பது இந்திய வேதாகமச் சங்கத்தின் ஓ.வி. (Old Version, பழைய மொழிபெயர்ப்பு) பதிப்பு. ஹென்றி பவர் தலைமையிலான குழுவின் உழைப்பில் 1871-ல் வந்த ஒன்றிய மொழிபெயர்ப்பின் நடை அது. 1995-ல் கத்தோலிக்கரும் மற்ற சபையாரும் சேர்ந்து உருவாக்கிய பொது மொழிபெயர்ப்பு, ‘திருவிவிலியம்’ என்ற பெயரில் கிடைக்கிறது. ஓ.வி.யில் ‘கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்; நான் தாழ்ச்சியடையேன்’. பொது மொழிபெயர்ப்பில் ‘ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை’. முதலாவது உரக்க வாசிக்கும்போது ஓடுகிறது, மனதில் ஒட்டுகிறது. இரண்டாவது கேட்டவுடன் புரிகிறது.

ஓ.வி.யின் உண்மையான சிக்கல் கடினச் சொற்கள் அல்ல. தெரிந்த சொல் போலத் தோன்றி ஏமாற்றும் சொற்களே. ‘சாந்தகுணமுள்ளவர்கள் பாக்கியவான்கள், அவர்கள் பூமியைச் சுதந்தரித்துக்கொள்ளுவார்கள்.’ இதைப் படிக்கும் பள்ளிப் பிள்ளை ஆகஸ்ட் 15-ஐத்தான் நினைக்கும். இங்கே சுதந்தரம் என்றால் வாரிசு உரிமை, அப்பா சொத்து பிள்ளைக்கு வருவது. ரோமர் 8:1-ல் வரும் ‘ஆக்கினைத்தீர்ப்பு’ தண்டனைத் தீர்ப்பு. ஆக்கினை என்பதை வெறும் கட்டளை என்று எடுத்துக்கொண்டால் வசனமே திசைமாறும். இப்படிப் பத்துப் பதினைந்து சொற்களைப் பின் அட்டையின் உள்பக்கம் எழுதி ஒட்டிவிட்டால் ஓ.வி. போதும்.

வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: குடும்ப ஜெபத்தில் ஆளுக்கொரு வசனமாகச் சுற்றி வாசிக்கிறீர்களா? அப்படியானால் வீட்டில் எல்லார் கையிலும் ஒரே மொழிபெயர்ப்பு இருக்கட்டும். ஒருவர் ‘யாத்திராகமம்’ என்று தேட, இன்னொருவர் கையில் ‘விடுதலைப் பயணம்’ இருந்தால் பாதி நேரம் பக்கம் தேடுவதிலேயே போகும். ‘பிரசங்கி’ புத்தகத்தைத் தேடினால் அங்கே அது ‘சபை உரையாளர்’. தனி வாசிப்புக்கு மட்டும் இரண்டாவது ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். தீர்க்கதரிசிகளையும் பவுலின் நீண்ட வாக்கியங்களையும் வாசிக்கையில் அது கைகொடுக்கும்.

பல பதிப்புகளின் பின்னால் ஒருவருட வாசிப்பு அட்டவணை வருகிறது. அதன் கணக்கு எளிது. மொத்தம் 1,189 அதிகாரங்கள். திங்கள் முதல் சனி வரை நாளுக்கு 3, ஞாயிறு 5 என்றால் வாரத்துக்கு 23, 52 வாரத்துக்கு 1,196. மிச்சம் வெறும் 7 அதிகாரம். காய்ச்சலுக்கும் ஊர்ப் பயணத்துக்கும் இடமே இல்லாத திட்டம் அது. புத்தாண்டு ஆராதனை முடிந்து ஜனவரி 1-ல் தொடங்குகிறவர்கள் எங்கே நிற்பார்கள் என்பதையும் இதே கணக்கு காட்டிவிடும். ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40, ஆகத் தொண்ணூறு. நான்காவது வாரக் கடைசியில் லேவியராகமம் வந்துவிடும். கதை நின்று பலிச் சட்டங்கள் தொடங்கும் இடம். அதைத் தாண்டி எண்ணாகமம் 7-க்கு வந்தால், பன்னிரண்டு கோத்திரத் தலைவர்களின் ஒரே காணிக்கைப் பட்டியல் பன்னிரண்டு முறை, 89 வசனங்கள். இங்கே விடுபட்டவர் சோம்பேறி அல்ல. அட்டவணைதான் ஒரே தடத்தில் ஓடுகிறது. பழைய ஏற்பாட்டில் இரண்டு, புதிய ஏற்பாட்டில் ஒன்று என்று பிரித்துக்கொண்டால் லேவியராகமத்தின் நடுவிலும் ஒரு சுவிசேஷம் கையில் இருக்கும். புதிய ஏற்பாட்டின் 260 அதிகாரங்கள் வருஷம் முடியுமுன்னே தீரும். மீதி நாட்களின் அந்த ஒன்றைப் பழைய ஏற்பாட்டுக்குக் கொடுத்துக்கொள்ளலாம்.

சங்கீதங்களுக்குத் தேதியே அட்டவணை. இன்று 7-ஆம் தேதியானால் 7, அதோடு முப்பது முப்பதாகக் கூட்டி 37, 67, 97, 127. முப்பது நாளில் 150-ம் முடியும். 29-ஆம் தேதி மட்டும் 119 வந்து நிற்கும், 176 வசனம். அதை 31-ஆம் தேதிக்குத் தள்ளிவிடுங்கள். நீதிமொழிகள் 31 அதிகாரம், அதற்குக் கூட்டலும் தேவையில்லை.

செல்போன் செயலி பற்றி ஒரு வார்த்தை. தேடலுக்கும் ஒலிவடிவத்துக்கும் அதை மிஞ்ச முடியாது. பேருந்தில் காதில் மாட்டிக் கேட்க அதுவே வசதி. மொழிபெயர்ப்பைத் தரவிறக்கி வைத்துக்கொண்டு, விமானப் பயன்முறையில் போட்டுவிட்டுத் திறந்தால்தான் வாட்ஸ்அப் மணி ஜெபத்துக்குள் நுழையாது.

புதுப் புத்தகத்தை வாங்கியதும் நடுவில் பிளந்து அமுக்காதீர்கள். முதுகை மேஜையில் நிறுத்தி, முன்பக்கம் இருபது தாள் சாய்த்து மடிப்போரத்தை விரலால் நீவி, பிறகு பின்பக்கம் இருபது, மறுபடி முன்பக்கம் என்று மாறி மாறி நடுவுக்கு வரவும். பொன் ஓரத் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். இழுத்தால் மூலை கிழியும், விசிறிபோல் விரலால் ஓட்டினால் பிரியும். ஈரமான ஹைலைட்டர் இந்தத் தாளில் மறுபக்கம் ஊறும். கூர் மழுங்கிய மஞ்சள் கலர் பென்சிலே போதும். குறிப்பெழுதப் பால்பாயிண்ட், அழுத்தாமல். நாடா நுனி பிரிந்தால், நைலானாக இருந்தால், தீக்குச்சி நெருப்பை லேசாகக் காட்டுங்கள். அலமாரியில் இராமபாணப் பூச்சிக்கு வசம்புத் துண்டைத் துணியில் முடிந்து பக்கத்தில் வைக்கலாம், பக்கங்களுக்கு நடுவே அல்ல.

கட்டு விட்டுப்போன பழைய வேதாகமத்தை பைண்டரிடம் கொடுக்கும்போது நான்கு விஷயம் சொல்லிவிட வேண்டும். பள்ளிப் புத்தகத்துக்குப் போடுவது போல முதுகிலிருந்து ஒரு செ.மீ. உள்ளே துளையிட்டுப் பக்கத்தையல் போடக் கூடாது. போட்டால் உள்பத்தியின் கடைசி எழுத்துகள் மடிப்புக்குள் போய்விடும், புத்தகமும் விரியாது. பாரம் பாரமாக நடுத்தையல் போடச் சொல்லுங்கள். கிழிந்த நடுமடிப்புக்கு மெல்லிய தாள் ஒட்டு, செல்லோடேப் வேண்டாம். மைதாப் பசையில் மயில்துத்தம் சேர்க்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் பூச்சிக்கு விருந்து. கடைசியாக, மூன்று ஓரமும் மெஷினில் வெட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். பாட்டி ஓரத்தில் பென்சிலால் எழுதிய தேதிகள் அந்த மூன்று மில்லிமீட்டரில்தான் இருக்கும்.