பெர்ரி மேசன் தோற்ற வியாழக்கிழமை

தீர்ப்பு வாசிக்கிற நேரத்தில் நான் நீதிபதியைப் பார்க்க மாட்டேன். எங்கள் வக்கீலைத்தான் பார்ப்பேன். 28 வருடம் வக்கீல் குமாஸ்தாவாகக் கேஸ் கட்டு சுமந்ததில் ஒட்டிக்கொண்ட பழக்கம் இது. தீர்ப்பு அவர் காதில் விழுவதற்கும் அவர் கட்சிக்காரர் பக்கம் திரும்புவதற்கும் நடுவே ஒரு நொடி இருக்கும். அவர் எப்படிப்பட்ட வக்கீல் என்பது அந்த நொடியில் தெரிந்துவிடும்.

'பெர்ரி மேசன்' தொடரில் 'த கேஸ் ஆஃப் த டெட்லி வெர்டிக்ட்' என்ற எபிசோட் அந்த நொடியில்தான் தொடங்குகிறது. 1963 அக்டோபர் 17, வியாழக்கிழமை, அமெரிக்காவில் சிபிஎஸ் டிவி ஒளிபரப்பியது. ஏழாவது சீசன். குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் பன்னிரண்டு பேர் கொண்ட ஜூரி உள்ளே வருகிறது, ஜானிஸ் பார்ட்டன் என்ற பெண் கொலைக் குற்றவாளி என்கிறது. அவளுக்கு விஷவாயு அறையில் மரண தண்டனை. அவளுக்காக வாதாடியவர் பெர்ரி மேசன். அதாவது, தோற்கவே மாட்டார் என்று ஊரே நம்பிக்கொண்டிருந்த மனிதர்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரிய, தொடரின் வழக்கமான நடை தெரிந்திருக்க வேண்டும். 1957 முதல் 1966 வரை 271 எபிசோட்கள் வந்தன. ஒன்றே ஒன்றைத் தவிர எல்லாம் கறுப்பு வெள்ளை. அநேகமாக எல்லாவற்றுக்கும் ஒரே அமைப்புதான். முதல் பாதியில் ஒருவர் நாலு பேருடைய விரோதத்தைச் சம்பாதித்துக்கொண்டு செத்துப்போவார். பழி மேசனின் கட்சிக்காரர் மேல் விழும். இரண்டாம் பாதி கோர்ட். கடைசியில் சாட்சிக் கூண்டிலோ பார்வையாளர் வரிசையிலோ உட்கார்ந்திருக்கும் ஒருவர் உடைந்துபோய், "நான்தான் செய்தேன்" என்பார்.

அந்தக் கோர்ட் காட்சிகளை உற்றுப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் ஜூரியே இருக்காது. அங்கே நடப்பது முழு விசாரணை இல்லை, முதல்கட்ட விசாரணை. கைதானவரைப் பெரிய விசாரணைக்கு அனுப்பும் அளவுக்கு ஆதாரம் இருக்கிறதா என்று நீதிபதி ஒருவரே பார்ப்பது. மேசன் அந்தக் கட்டத்திலேயே வழக்கை உடைத்துவிடுவார், பன்னிரண்டு பேர் உட்கார்ந்து முடிவு சொல்ல வேண்டிய நிலையே வராது. இந்த எபிசோடில் அந்தப் பன்னிரண்டு பேரும் வந்துவிட்டார்கள். இவர்கள் ஏன் இருக்கிறார்கள் என்று பழைய ரசிகருக்கு அங்கேயே வயிற்றைப் பிசையும்.

மேசனாக வரும் ரேமண்ட் பர் அந்த இடத்தில் நடிப்பைக் கொட்டவில்லை. அவருடைய பலமே அதுதான். கனத்த உடம்பு, இமை அதிகம் அசையாத பெரிய கண்கள், எப்போதும் ஒரு படி தாழ்ந்தே இருக்கும் குரல். இந்தத் தொடருக்கு முன்னால் சினிமாவில் வில்லனாக நிறைய நடித்தவர், ஹிட்ச்காக் படத்தில் கொலைகாரனாகவும் வந்தவர். இந்தத் தொடரிலும் முதலில் அரசு வக்கீல் பர்கர் வேடத்துக்குத்தான் அவரைப் பரிசோதித்தார்களாம். வேறு ஒருவராக இருந்தால் தோல்வியைக் காட்ட மேஜையைத் தட்டியிருப்பார். பர் சும்மா இருக்கிறார், நமக்குத்தான் தாங்கவில்லை. ஜானிஸாக வரும் ஜூலி ஆடம்ஸும் சளைத்தவரல்ல. பரிதாபத்தைக் கேட்டு வாங்கும் முகம் இல்லை அவருக்கு, எதையோ உள்ளே பூட்டி வைத்திருக்கிற முகம்.

இந்தக் கதையின் முடிச்சும் அந்தப் பூட்டுதான். கொலையாளி யார் என்று சொல்லிக் கெடுக்க மாட்டேன். இவ்வளவு மட்டும் சொல்லலாம்: மேசன் தோற்றது வாதத்தில் இல்லை. தன்னைக் காப்பாற்றக்கூடிய ஒன்றை அவருடைய கட்சிக்காரியே அவரிடமிருந்து மறைத்துவிட்டாள்.

டாக்டரிடமும் வக்கீலிடமும் எதையும் மறைக்கக்கூடாது என்று சொல்லாத வீடு கிடையாது. ஆனால் மறைக்காத கட்சிக்காரரை நான் அதிகம் பார்த்ததில்லை. ஒரு புரோநோட் வழக்கு. பணமே வாங்கவில்லை, கையெழுத்து என்னுடையது இல்லை என்று கடைசி வரை சாதித்தவருக்காக எங்கள் சார் வாதாடினார். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு இன்லேண்ட் லெட்டரை எடுத்து நீட்டினார். இரண்டு மாத வட்டி பாக்கியைப் பொங்கலுக்குள் கொடுத்துவிடுகிறேன் என்று இவரே தன் கைப்பட எழுதியது. மடிப்பில் கிழிந்து, பின்பக்கம் டேப் ஒட்டியிருந்தது. சார் அதை இரண்டு முறை படித்தார், பிறகு என்னிடம் கொடுத்தார். வெளியே வராந்தாவில் அந்த மனிதர், "சொன்னா நீங்க கேசை எடுக்க மாட்டீங்களோன்னு பயந்துட்டேன் சார்" என்றார். சார் திட்டவில்லை. கட்டின் நாடாவை அவிழ்த்து, காகிதங்களைத் தட்டி அடுக்கி, மறுபடி கட்டினார். தீர்ப்பு வந்த அன்று சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, "நாளைக்குக் காலையில் முதல் வேலையா நகலுக்கு மனு போட்டுடுப்பா" என்றார். நகல் கைக்கு வந்தால்தான் அப்பீல் போக முடியும்.

இந்த எபிசோடை நான் இவ்வளவு தூக்கிப் பேசுவதற்குக் காரணம் அதுதான். மற்ற கதைகளில் மேசன் கெட்டிக்காரர். இதில் அவர் வக்கீல். கோர்ட் முடிந்துவிட்டது, ஜூரி வீட்டுக்குப் போய்விட்டது, ஜெயித்தவர்கள் கை குலுக்கியாயிற்று. அதற்குப் பிறகும் தன்னிடம் உண்மையைச் சொல்லாத ஒருத்திக்காக அவர் அலைகிறார். வழக்கமாகக் கடைசி ஐந்து நிமிடத்தில் கிடைக்கிற வெற்றியைவிட, ஜானிஸை எப்படியாவது பேசவைக்க வேண்டும் என்று அவர் தவிக்கிற தவிப்பு எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

குறையும் உண்டு. கலிபோர்னியாவில் மரண தண்டனை விதித்தால், கைதி கேட்காமலேயே மேல்முறையீடு மாநில உச்ச நீதிமன்றத்துக்குப் போய்விடும். அந்த நடைமுறை மாதக்கணக்கில் இழுக்கும். ஐம்பது சொச்ச நிமிடத்துக்குள் கதையை முடிக்க வேண்டிய டிவிக்கு அந்தப் பொறுமை கிடையாது. பிற்பாதியில் சந்தேகப்பட வேண்டியவர்கள் அடுத்தடுத்து வந்து போகிறார்கள், யார் யாருக்கு என்ன உறவு என்று எனக்கு ஒரு முறை பின்னால் ஓட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. முடிச்சு அவிழும் இடமும் அவசரம். அவ்வளவு கனமான தொடக்கத்துக்கு இன்னும் நிதானமான முடிவு கொடுத்திருக்கலாம்.

மேசனின் செக்ரெட்டரி டெல்லா ஸ்ட்ரீட்டாக வரும் பார்பரா ஹேலைப் பற்றி ஒரு வார்த்தை. செக்ரெட்டரி என்றால் டைப் அடிக்க ஒரு ஆள் என்று நினைக்கிறவர்கள் அவரைக் கவனிக்க வேண்டும். மேசன் பேசாமல் இருக்கும்போது தானும் பேசாமல் உடன் இருக்கத் தெரிந்தவர் டெல்லா. ஆபீஸில் அப்படி ஒருவர் இருந்தால்தான் தோற்ற மறுநாளும் கதவு திறக்கும். இந்த வேடத்துக்காக பார்பரா ஹேலுக்கு 1959இல் அமெரிக்க டிவி உலகின் பெரிய விருதான எம்மி கிடைத்தது, மிகச் சரி.

இன்னொன்று, டைட்டிலில் ரே காலின்ஸ் பெயர் வரும்போது கொஞ்சம் கவனியுங்கள். போலீஸ் அதிகாரி டிராக் அவர்தான். இந்தச் சீசனில் உடம்பு முடியாமல் போய், 1964 ஜனவரிக்குப் பிறகு அவர் திரையில் வரவில்லை. ஆனாலும் தயாரிப்பாளர் கெயில் பேட்ரிக் ஜாக்சன் அவர் பெயரை எடுக்கவில்லை. வீட்டிலிருந்து அவர் பார்ப்பாரே, மனசு விட்டுப்போகக் கூடாதே என்றுதான்.

நான் பார்த்தது டிவிடியில். கறுப்பு வெள்ளை மிகத் தெளிவாக இருக்கிறது. மறு ஒளிபரப்புக்காக, விளம்பரத்துக்கு இடம்விட்டு வெட்டிய பிரதிகள் நிறைய சுற்றுகின்றன. இந்த எபிசோடுக்கு அவை வேண்டாம், மௌனங்கள்தான் முதலில் வெட்டுப்படும்.

தொடருக்குப் புதியவர் என்றால் இதை முதலில் பார்க்காதீர்கள். வழக்கமான எபிசோட் ஐந்தாறு பாருங்கள், மேசன் ஜெயித்து ஜெயித்து உங்களுக்குப் பழகட்டும். அப்புறம் 1958இல் வந்த 'த கேஸ் ஆஃப் த டெரிஃபைட் டைப்பிஸ்ட்' பாருங்கள். அதிலும் ஜூரி குற்றவாளி என்றுதான் சொல்லும், ஆனால் அங்கே மேசனுக்கு வேறொரு வழி கிடைத்துவிடும். அதைப் பார்த்த கையோடு, வேலையெல்லாம் முடிந்து வீடு அடங்கிய பிறகு, இதைப் போடுங்கள்.