பீன்யாவின் சின்ன கம்பெனியா, எலக்ட்ரானிக் சிட்டியின் பெரிய கம்பெனியா?

பெங்களூரில் இரண்டு இடத்திலும் கணக்கு வேலை பார்த்திருக்கிறேன்.

பீன்யாவில் மொத்தம் 16 பேர். மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் வர வேண்டும் என்பது சட்டம். எங்களுக்கு 18, 20 என்று தள்ளிக்கொண்டே போகும். முதலாளி காலையில் சொன்னதை மாலையில் மாற்றுவார், திட்டு எங்களுக்கு. ஆனால் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த வாரம், தருமபுரிக்கார அண்ணா என் பில்களையும் போட்டு முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்பினார். பக்கத்து சீட் கன்னட அக்கா டிபன் பாக்ஸில் எனக்கும் சேர்த்து அக்கி ரொட்டி கட்டி வருவார். “ஊட்டா ஆய்த்தா?” (சாப்பாடு ஆச்சா?) என்று அவர் கேட்காத மதியமே இல்லை. ஜிஎஸ்டி கணக்கைப் பொறுமையாகச் சொல்லித் தந்ததும் அவர்தான்.

பெரிய கம்பெனியில் சம்பளம் மாதக் கடைசியில் டாண் என்று வந்துவிடும். லீவு எல்லாம் எழுத்தில் இருக்கிறது. பக்கத்தில் உட்காருபவர் பெயர் தெரியவே ஒரு மாதம் ஆனது.

பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) விஷயத்தை மட்டும் கவனியுங்கள். 20 பேருக்குக் குறைந்த கம்பெனிக்கு அது பொதுவாகக் கட்டாயமில்லை, எங்களுக்கும் இல்லை. வேலையை விடும்போது தரும் கிராஜுவிட்டி தொகை 10 பேர் இருந்தாலே உண்டு, ஆனால் பொதுவாக 5 வருடம் முடிக்க வேண்டும். நான் 3-இல் கிளம்பிவிட்டேன்.

தொழில் கற்கும் வயதென்றால் பீன்யாவையே சொல்வேன். வீட்டில் மருந்துச் செலவு இருந்தால், சரி, எலக்ட்ரானிக் சிட்டிதான். அம்மாவின் மாத்திரை 20-ஆம் தேதி வரை காத்திருக்காது.