சர்வர் போட்டவருக்குக் காசு கொடுக்கும் முன் ஒரு நிமிஷம்

டர்பனில் சின்ன ஆபீஸ் நடத்துகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்களுடையது சாட்ஸ்வர்த்தில், ஒன்பது பேர் வேலை பார்க்கும் கணக்கு ஆபீஸ். எல்லாருடைய ஃபைல்களும் இருக்கும் பொதுக் கம்ப்யூட்டரான பழைய சர்வர் படுத்துவிட்டதால் புதிதாக விண்டோஸ் சர்வர் போட ஒரு ஆளைப் பிடித்தோம். பெயர் வேண்டாம். தெரிந்தவர் சொன்ன ஆள், நம்ம ஆள் என்ற நம்பிக்கை. 18,500 ரேண்ட் வாங்கினார்.

மூன்று வாரம் பிரச்சினை இல்லை. ஒரு நாள் டீ நேரத்தில் வெளிவேலை பார்க்கும் தம்பி வந்து, "அக்கா, ரிசப்ஷனில் இருக்கிறவங்களுக்கு என்னைவிட 1,200 ரேண்ட் அதிகமா?" என்றான். கப்பைக் கீழே வைத்துவிட்டேன். "ஸ்கேன் தேடினேன், சம்பளம்னு ஒரு ஃபோல்டர் இருந்துச்சு, திறந்துச்சு" என்றான். அவன் மேல் என்ன தப்பு?

ஃபோல்டரின் பிராப்பர்ட்டீஸைத் திறந்து பார்த்தேன். நெட்வொர்க்கில் பகிர்வதற்கான ஷேரிங்கில் எவ்ரிஒன், ஃபுல் கன்ட்ரோல், அதாவது எல்லாருக்கும் முழு அனுமதி. அது மட்டும் என்றால் பரவாயில்லை. பலர் அதை அப்படியே விட்டுவிட்டு ஃபோல்டருக்கே அனுமதி போடும் செக்யூரிட்டி பக்கத்தில் பூட்டுவார்கள். நெட்வொர்க் வழியாக வரும்போது இரண்டில் எது கறாரோ அதுதான் செல்லும். இவர் செக்யூரிட்டியிலும் அதையே போட்டிருந்தார். வாசலும் திறப்பு, பீரோவும் திறப்பு. கிளையண்டுகளின் ஐடி காப்பி, வரிப் பேப்பர் எல்லாம் அதே டிரைவில்தான். 2021 ஜூலையிலிருந்து, தனிநபர் தகவலைப் பாதுகாக்கும் போப்பியா சட்டப்படி நடவடிக்கை எடுக்கக்கூடிய நாட்டில்!

போன் செய்தேன். "அஞ்சு நிமிஷ வேலைக்கா" என்று ரிமோட்டில் வந்து, சம்பள ஃபோல்டரில் டொமைன் யூசர்ஸ் குரூப்புக்கு டினை, அதாவது அனுமதி மறுப்பு, டிக் போட்டார். மறுநாள் 25ஆம் தேதி, சம்பள நாள். எனக்கும் திறக்கவில்லை, முதலாளிக்கும் திறக்கவில்லை. டொமைன் யூசர்ஸ் என்றால் நாங்கள் எல்லாரும்தானே, டினை வேறு, அனுமதி தரும் அலவ்வை முந்திக்கொள்ளும். நேரில் வந்தார், டிக்கை எடுத்தார், பழையபடி எவ்ரிஒன். அதற்கு 950 ரேண்ட் பில்!

கடைசியில் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து என் அக்கா மகன் வந்து ஒரு சனிக்கிழமையில் முடித்தான். சம்பளத்துக்கு மூன்று பேர் மட்டும் இருக்கும் ஒரு குரூப், அதற்கு மாடிஃபை, அதாவது ஃபைலைத் திறக்க, மாற்ற, அழிக்க அனுமதி. ஃபுல் கன்ட்ரோல் கொடுத்தால் அவர்களே அனுமதியை மாற்றிவிடலாம் என்பதால் அது இல்லை. மேல் ஃபோல்டரின் அனுமதி தானாகக் கீழே இறங்கும் இன்ஹெரிட்டன்ஸை நிறுத்தி, எவ்ரிஒன்னை எடுத்தான். குரூப்பில் சேர்ந்தவர்கள் லாக் ஆஃப் செய்துவிட்டு வர வேண்டியிருந்தது. அப்புறம் அட்வான்ஸ்டில், ஒருவருக்கு உண்மையில் என்ன அனுமதி என்று காட்டும் எஃபெக்டிவ் ஆக்சஸ் போய்த் தம்பியின் பெயரைக் கொடுத்தான். வரிசையாகச் சிவப்புக் குறி, அனுமதி இல்லை. என்னிடம் அன்றைக்கே யாராவது இதைக் காட்டியிருந்தால், ஆபீஸில் கடைசியாகச் சேர்ந்தவரின் லாகினில் சம்பள ஃபோல்டரைத் திறக்கச் சொல்லிப் பார்த்த பிறகுதான் அந்த ஆளுக்குக் காசு கொடுத்திருப்பேன்.

போகிற போக்கில், சர்வரில் எதையும் செய்யக்கூடியவர்களின் டொமைன் அட்மின்ஸ் குரூப்பையும் பார்த்தான். சர்வர் போட்ட அந்த ஆளின் அக்கவுண்ட் இன்னும் அதில் இருந்தது. டிஸேபிள் செய்தோம், யாரிடமும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை போன் வந்தது. "அக்கா, உங்க சர்வருக்குள்ள என்னால போக முடியலையே, ஏதாவது மாத்தினீங்களா?"